மூடிய குழாயில் ஈரம்

செவ்வாய், காலை.

ஆஸ்பத்திரியின் பின்வாசலில் பிணவண்டி என்ஜினை ஓடவிட்டபடி நின்றது. ஆனால் நகர முடியவில்லை. அதன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு பெண் கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, எழுந்திருங்க. தொத்து நோய். உடம்பை வீட்டுக்குக் கொடுக்க முடியாது. நேரா எரிக்கணும்னு உத்தரவு," என்றான் டிரைவர்.

"ஏத்திட்டுப் போ. என் மேல ஏத்திட்டு எங்க வேணும்னாலும் போ."

வண்டிக்குள் கிடந்தவர் அவளுடைய கணவர். நகரத்துக்கு வெளியே இருக்கும் காட்டு விலங்கு மீட்பு மையத்தில் நீர்நாய்களைப் பராமரித்தவர். நீர்நாய்களோடு குளத்தில் இறங்கி அவரும் நீந்துவார் என்பதால் அங்கே எல்லோரும் அவரை 'நீச்சல்' என்றே கூப்பிட்டார்கள். ஒரு நீர்நாய் அவர் கையில் கடித்துவிட்டதாம். காயம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. எந்த மருந்துக்கும் அசையாத கிருமி. நேற்று மாலை உயிர் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். குள்ளமான, நரை ஓடத் தொடங்கிய பெண்மணி. ஸ்டேஷனில் அவர் காதில் விழாமல் சொல்லும் பெயர் 'ரம்பம்'. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு எதிராளியை அறுத்துவிடுவார். கூட்டத்தை விலக்கிவிட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"என்னம்மா சந்தேகம் உங்களுக்கு?"

"எனக்கு டாக்டர் பாஷையெல்லாம் தெரியாது மேடம். கடிச்சதாச் சொன்ன நீர்நாயை, இவரை ஆஸ்பத்திரியில சேர்த்த மறுநாளே ஊசி போட்டுக் கொன்னு எரிச்சிட்டாங்க. அதோட ஜோடியையும் எரிச்சிட்டாங்க. இப்ப இவரையும் எரிக்கணுங்கிறாங்க. எல்லாத்தையும் எரிச்சிட்டா நான் யார்கிட்ட போய்க் கேக்குறது? எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"கடிச்சதைப் பத்தி உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. நீர்நாய்க் குட்டியைப் பார்த்துக்கணும்னு அந்த வாரம் முழுக்க மையத்துலயே தங்கிட்டார். அங்கேயே காய்ச்சல் கண்டு, அங்க இருக்கிற மிருக டாக்டர்தான் ஆஸ்பத்திரியில கொண்டாந்து சேர்த்தார். நான் ஓடி வர்றதுக்குள்ள நினைவு தப்பிடுச்சு. என்னை யாருன்னே தெரியல அவருக்கு."

இன்ஸ்பெக்டர் எழுந்து டிரைவரிடம் கையை நீட்டினார்.

"சாவியைக் கொடு. உடம்பு பிரேதப் பரிசோதனைக்குப் போகுது."

அன்று மதியம்.

மீட்பு மையத்தின் வாசலிலேயே மேலாளர் கத்த ஆரம்பித்துவிட்டார். தொப்பையும் இரைச்சலுமாக இருந்தார்.

"போலீஸ் வண்டி இங்க வந்து நின்னா நாளைக்கு ஒருத்தன் நன்கொடை கொடுப்பானா? காட்டு மிருகம் கடிக்கும். அது அதோட குணம். இதுக்கு ஒரு விசாரணையா?"

"ரெண்டு நீர்நாயையும் கொல்லச் சொன்னது யார்?"

"நான்தான். கையெழுத்து என்னோடதுதான். வாயில கிருமி இருக்குன்னு எங்க மிருக டாக்டர் சொன்னார், போட்டேன். குட்டி ஒண்ணு பாக்கி இருக்கு. அதையும் முடிச்சிட்டா நிம்மதி."

பேசிக்கொண்டே குளக்கரைக்கு வந்தார்கள். சிமெண்டுக் குளம். தண்ணீரில் மருந்து நெடி மூக்கைத் துளைத்தது. வெயிலில் வியர்த்த மேலாளர் குனிந்து குளத்து நீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார்.

"சுத்தமான தண்ணி மேடம். குளோரின் போட்டுக் கழுவியாச்சு. கிணத்துத் தண்ணிதான் வருது, வேற வழி கிடையாது."

"அந்த மூலையில ஒரு குழாய் தெரியுதே?"

"அது செத்துப்போன குழாய். பல வருஷமா மூடிக் கிடக்கு."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். கையகல வாய் கொண்ட இரும்புக் குழாய், நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. வாயில் ஒரு கம்பி வலை. வலையின் ஒரு ஓரம் பிய்ந்திருந்தது. ஒரு குச்சியால் குழாயின் உள்விளிம்பைத் தொட்டார். குச்சி வழுக்கிக்கொண்டு போனது. நுனியில் சளி போல ஏதோ ஒட்டி, நூலாக இழுபட்டது. குச்சியை ஒரு உறையில் போட்டு, கூட வந்திருந்த ஏட்டிடம் கொடுத்தார்.

மிருக டாக்டர் சிகிச்சை அறையில் இருந்தார். மெலிந்த மனிதர், தூங்காத கண்கள். மடியில் நீர்நாய்க் குட்டி. அது அவர் விரலைச் சப்பிக்கொண்டும் இடையிடையே கடித்துக்கொண்டும் கிடந்தது. அவர் அதன் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு இதையும் முடிக்கணும். எனக்கு மனசே வரல," என்றார்.

"கடிச்சதை நீங்க பார்த்தீங்களா?"

"கண்ணால பார்த்தேன். தாய் நீர்நாய். குட்டிகிட்ட யாரோ வர்றாங்கன்னு நினைச்சு பாய்ஞ்சிடுச்சு. கட்டைவிரலுக்குக் கீழே, ரெண்டு பல்."

"காயத்தைச் சுத்தம் பண்ணது?"

"நான்தான். ஆஸ்பத்திரியில சேர்த்ததும் நான்தான். கடைசி வரைக்கும் அவன் கட்டில் பக்கத்துலயே இருந்தேன் மேடம். என் தம்பி மாதிரி."

"பின்னால பூட்டிக் கிடக்கே ஒரு கொட்டகை, அது என்ன?"

"தனிமைக் கொட்டகை. புதுசா வர்ற விலங்கை வைக்கிற இடம். இப்போ காலி."

"சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. மேலாளர்கிட்ட ஒண்ணு."

இன்ஸ்பெக்டர் அவரைக் குளத்துக்கு அழைத்துப் போய்த் தண்ணீரைக் கொஞ்சம் வடியவிடச் சொன்னார். டாக்டர் குட்டியைக் கூண்டில் விட்டார். கோட்டுப் பையிலிருந்து ரப்பர் கையுறை எடுத்து முழங்கை வரை இழுத்து மாட்டிக்கொண்டு மதகைத் திருகினார். முடிந்ததும் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஸ்பிரிட் ஊற்றிக் கைகளைத் தேய்த்தார். மேலாளர் அதற்குள் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"நான் சொல்ற வரைக்கும் அந்தக் குட்டி மேல ஒரு ஊசியும் ஏறக் கூடாது."

அன்று மாலை.

பிணவறைக்கு வெளியே ஆஸ்பத்திரியின் ஆய்வக டாக்டர் காத்திருந்தார். கிருமிகளை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு எது சாகும் என்று சொல்வது அவர் வேலை. அமைதியான ஆள் என்று பெயர் எடுத்தவர். அன்று இன்ஸ்பெக்டர் வந்ததுமே கையில் இருந்ததை நீட்டினார்.

"இதைப் பாருங்க மேடம்."

ஒரு சின்னக் கண்ணாடித் தட்டு. அதில் அரிசி நீளத்துக்கு ஒரு கம்பித் துண்டு.

"இது எங்க இருந்தது?"

"அவர் கையில. எலும்புக்குப் பக்கத்துல, ஆழமா. நீர்நாய்க்கு இரும்புப் பல் முளைக்காது இல்லையா?"

"அப்போ கடியே இல்ல."

"இல்ல. கம்பி குத்தின காயம். ரெண்டு முனை குத்தியிருக்கு, அதுல ஒண்ணு உள்ளேயே ஒடிஞ்சு நின்னுடுச்சு." அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "நாங்க எக்ஸ்ரே எடுக்கல மேடம். கடின்னு சொன்னாங்க. கண்ணால பார்த்ததா ஒரு டாக்டரே சொல்றார். கடிக்கு யார் கம்பியைத் தேடுவாங்க?"

"கம்பி இருந்தா என்ன வித்தியாசம்?"

"வித்தியாசமா? எல்லாமே அதுதான். சில கிருமிங்க தனியா அலையும்போது மருந்து பட்டா செத்துடும். ஆனா ஒட்டிக்க ஒரு இடம் கிடைச்சிட்டா, பிசின் மாதிரி ஒரு படலத்தைச் சுரந்து அதுக்குள்ள குடும்பத்தோட குடியேறிடும். மருந்து அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே போய்ச் சேராது. இந்தக் கம்பி மேல அந்தப் படலம் கெட்டியா இருக்கு. நாங்க வெளியே மருந்து மேல மருந்தா ஊத்தினோம். அதுங்க உள்ளே உட்கார்ந்து சிரிச்சிருக்குங்க."

"தண்ணித் தொட்டியில பாசி பிடிச்சு வழவழன்னு இருக்குமே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான். தொட்டித் தண்ணியை மாத்தினாலும், குளோரினே போட்டாலும் அந்த வழவழப்பு போகாது பாருங்க."

இன்ஸ்பெக்டர் ஏட்டிடம் திரும்பி, உறையில் இருந்த குச்சியை வாங்கி டாக்டர் கையில் வைத்தார்.

"இதையும் பாருங்க. குளத்துத் தண்ணியும் எடுத்து வந்திருக்கேன். நாளைக்கு நீங்களே மையத்துக்குப் போய் அந்தக் குட்டியோட வாயையும் துடைச்சு எடுத்துட்டு வாங்க."

வெள்ளி, காலை.

முடிவுகள் வந்திருந்தன. ஆய்வக டாக்டர் தட்டுகளை மேஜையில் பரப்பினார்.

"குட்டி வாயில அந்தக் கிருமி இல்ல. தாயோட பாலைக் குடிச்ச குட்டி, தாயோட ஒட்டி உறங்கின குட்டி. தாய் வாயில நிறைய இருந்திருந்தா இதுக்கும் வந்திருக்கணும். குளத்துத் தண்ணியில ஒண்ணும் இல்ல, குளோரின் கொன்னுடுச்சு. ஆனா உங்க குச்சியில…" அவர் கடைசித் தட்டை முன்னால் தள்ளினார். "கூட்டம் கூட்டமா இருக்கு. செத்தவர் கையில இருந்த அதே கிருமி."

"செத்துப்போன குழாய்ல?"

"செத்த குழாய்னா காய்ஞ்சு துரு உதிரும். இந்தப் படலம் வளரணும்னா ஈரம் வேணும், சாப்பாடு வேணும். அந்தக் குழாய்ல தினமும் ஏதோ ஓடிட்டிருந்திருக்கு. இன்னொண்ணும் இருக்கு மேடம். எங்க ஆஸ்பத்திரியில ஒரு மருந்து இருக்கு. மத்த எல்லாம் தோத்த பிறகு கடைசியா எடுக்கிற மருந்து. குழந்தைகளுக்குக்கூட யோசிச்சு யோசிச்சுத்தான் கொடுப்போம். இந்தக் கிருமி அதையும் ஜெயிக்குது. காட்டுல திரியற மிருகத்தோட கிருமி அந்த மருந்தை எங்க போய்ப் பார்த்துச்சு? யாரோ பழக்கியிருக்காங்க. கொஞ்சம் கொஞ்சமா, சாகாத அளவுல ஊட்டி ஊட்டி வளர்த்திருக்காங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. ஒரு தட்டைத் தூக்கி உடைத்துவிடுவாரோ என்று ஏட்டு பயந்தார்.

"குழாயோட மறுமுனை எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "நீதிபதிகிட்ட உத்தரவு வாங்கிட்டு வர்றேன். நீங்களும் வாங்க."

அன்று மதியம்.

சத்தம் வெளியே வராமல் உள்பக்கம் மெத்தை அடித்திருந்த தனிமைக் கொட்டகைக் கதவு திறந்ததும் முதலில் வந்தது நாற்றம். பிறகு சத்தம்.

காலி என்று சொல்லப்பட்ட கொட்டகையில் கூரை வரை கூண்டுகள். ஒன்றின் மேல் ஒன்று. காட்டில் வலை போட்டுப் பிடித்த கிளிகளும் மைனாக்களும். இறக்கையை விரிக்கக்கூட இடமில்லாமல் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கத்தின. எல்லாக் கூண்டுக்கும் ஒரு பெரிய பீப்பாயிலிருந்து குடிநீர் போனது. எச்சமும் மிச்சத் தண்ணீரும் தரைக்கால்வாயில் விழுந்து, சுவரில் இருந்த ஓட்டைக்குள் இறங்கின. அந்த ஓட்டை ஓர் இரும்புக் குழாயின் வாய்.

ஆய்வக டாக்டர் பீப்பாய்க்குப் பின்னால் கிடந்த மருந்துக் குப்பி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். ஆஸ்பத்திரியின் அந்தக் கடைசி மருந்து.

மேலாளர் வாசலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். மிருக டாக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். சாவி அவர்கிட்டயும் இருக்கு. நீர்நாயைக் கொல்லச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான்."

"அடப்பாவி!" என்றார் மேலாளர். "உள்ளே போனா நோய் தொத்தும்னு நீதானேய்யா என்னைக் கிட்டவே விடல. என் சாவி துருப்பிடிச்சுக் கிடக்கு!"

"இப்போ என் தலையில கட்டப் பார்க்குறார்."

"போதும்," என்றார் இன்ஸ்பெக்டர். குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு பேரும் குளத்துக்கு வாங்க."

குளக்கரையில் எல்லோரும் நின்றார்கள். நீச்சலின் மனைவியும் அங்கே இருந்தாள். இன்ஸ்பெக்டர்தான் வரச் சொல்லியிருந்தார்.

"நடந்தது இதுதான். கொட்டகையில பறவைங்களை அடைச்சு வச்சு, வண்டி வண்டியா வித்திருக்காங்க. அப்படி நெருக்கி அடைச்சா நோய் வந்து செத்துடும். அதனால குடிதண்ணியில மனுஷங்களுக்கான மருந்தைக் கலந்திருக்காங்க. அந்தத் தண்ணியில பிழைச்சு வளர்ந்த கிருமி குழாய் முழுக்கப் படலமாப் பிடிச்சிருக்கு. படலம் தடிச்சுக் குழாய் வாய்ல இருந்த வலையை அடைச்சுது. நாத்தம் தாங்காம நீச்சல் வலையைக் கையால இழுத்தார். கம்பி குத்தி உள்ளே ஒடிஞ்சுது. அவர் ஓடினது காயத்துக்கு மருந்து போட, இந்த மிருக டாக்டர்கிட்ட."

"இதெல்லாம் நான் பண்ணேன்னு என்ன ஆதாரம்?" என்றார் மிருக டாக்டர்.

"முதல் நாள் நான் வந்தப்போ உங்க மடியில குட்டி இருந்துச்சு. அதோட அம்மா வாயில ஆளைக் கொல்ற கிருமி இருக்குன்னு ஊருக்கெல்லாம் சொன்னது நீங்க. ஆனா குட்டி உங்க வெறும் விரலைச் சப்புது, கடிக்குது. உங்களுக்கு ஒரு சொட்டு பயம் இல்ல. அதே ஆள் குளத்து மதகைத் தொடணும்னதும் முழங்கை வரைக்கும் கையுறை மாட்டினீங்க. ஸ்பிரிட் ஊத்திக் கழுவினீங்க. இந்த மேலாளர் அதே தண்ணியை அள்ளி முகம் கழுவினார், ஒண்ணும் தெரியாத மனுஷன். நீர்நாய் குத்தமில்லாததுன்னும், விஷம் குழாய்ல வருதுன்னும் தெரிஞ்ச ஒரே ஆள் அன்னைக்கு இந்தக் குளக்கரையில நீங்க மட்டும்தான். இப்போ ஏட்டு உங்க அறையைச் சோதனை போட்டுட்டு இருக்கார். இதே மருந்துக் குப்பி அங்கேயும் கிடைக்கும்னு நினைக்கிறேன்."

மிருக டாக்டரின் பார்வை ஒரு கணம் தன் அறைப் பக்கம் போய்த் திரும்பியது. அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது. அவர் குளத்தின் விளிம்பில் உட்காரப் போய், சட்டென்று நின்றுகொண்டார்.

"மருந்து கலக்கலன்னா அந்தப் பறவைங்க வழியிலேயே செத்திருக்கும்," என்றார் கடைசியில். "ஒரு விதத்துல நான் அதுங்களைக் காப்பாத்தினேன்."

இன்ஸ்பெக்டர் ஒரு அடி முன்னால் வந்தார். அதே மருந்துக் குப்பியோடு ஏட்டு திரும்பி வந்திருந்தார். இத்தனை வருஷத்தில் இன்ஸ்பெக்டர் முகத்தை இப்படிப் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்.

"காப்பாத்தினியா? அவர் கட்டில் பக்கத்துல உட்கார்ந்திருந்தே. கையில கம்பி குத்தினது உனக்குத் தெரியும். அந்தக் கடைசி மருந்தை அவருக்கு ஏத்தினப்போ பாட்டில் மேல பேரைப் படிச்சிருப்பே. அது வேலை செய்யாதுன்னு அந்த ஆஸ்பத்திரியிலேயே உனக்கு மட்டும்தான் தெரியும். 'கடி இல்ல, கம்பி'ன்னு ஒரு வார்த்தை. ஏன் சொல்லல?"

"சொன்னா… எங்க குத்துச்சுன்னு கேப்பாங்க. கொட்டகையைத் திறக்கச் சொல்லுவாங்க."

"அதனால?"

அவர் கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

"அதனால?" இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்டார். "அதனால என்ன பண்ணே? வாயால சொல்லு."

"பேசாம இருந்துட்டேன்," என்றார் மிருக டாக்டர்.

நீச்சலின் மனைவி அவர் மேல் பாய்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஏட்டு கையைக்கூட நீட்டிவிட்டார். அவள் பாயவில்லை. கிட்டே வந்து அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"நான் உனக்கு டீ வாங்கிட்டு வந்து கொடுத்தேனே," என்றாள். "ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு என் புருஷனைப் பார்த்துக்கிறியேன்னு, ஓடி ஓடி வாங்கிட்டு வந்து கொடுத்தேனே. குடிச்சியேடா."

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். குட்டியைக் கொல்லும் உத்தரவு ரத்தாகிவிட்டதையும், கணவரின் உடலை வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் இன்ஸ்பெக்டர் சொன்னார். ஆய்வக டாக்டர் அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றார்.

"இனிமே எல்லாம் சரியாயிடுமா டாக்டர்?"

"பொய் சொல்ல மாட்டேம்மா. ஏற்கெனவே வித்த பறவைங்க எத்தனை வீட்டுக்குப் போச்சோ, அந்தக் கிருமி எங்கெங்க போய் ஒட்டியிருக்கோ… தேடிக்கிட்டு இருக்கோம்."

"கம்பின்னு தெரிஞ்சிருந்தா இவர் பிழைச்சிருப்பாரா?"

"சத்தியம் பண்ண முடியாது. ஆனா கம்பியை எடுத்திருப்போம். படலம் போயிருக்கும். அப்புறம் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துச் சண்டை போட எங்ககிட்ட ஒரு வழியாவது இருந்திருக்கும்."

"அந்த எக்ஸ்ரே மெஷின் எங்க இருக்கு?"

டாக்டர் தயங்கினார். பிறகு அவளை மாடிக்குக் கூட்டிப் போனார். நீச்சல் கிடந்த கட்டிலில் இப்போது வேறு யாரோ படுத்திருந்தார்கள். டாக்டர் கட்டிலுக்கு நேர் எதிரே, தாழ்வாரத்தின் மறுபக்கம் இருந்த கதவைக் காட்டினார்.

அவள் கட்டிலைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

"இதுவா?"

"ஆமாம்மா."

"கட்டிலை இப்படிக் கொஞ்சம் தள்ளினா போதும்."

அவள் அந்தக் கதவின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"கோர்ட்டுல இதைச் சொல்லணும் மேடம். மெஷின் எவ்வளவு கிட்ட இருந்துச்சுன்னு சொல்லணும். வக்கீல் வேண்டாம். நானே சொல்றேன்."